தெக்காட்டின் தளமும் தெக்காட்டு என்ற மனிதரும்

மாணவர்களே, இந்த வழிகாட்டி நூலின் முற்பகுதியில் ஆள்கூற்றுத் தளம் பற்றிய பயிற்சிகளைச் செய்து முடித்திருப்பீர்கள். கிடையாக ஓர் அச்சு, நிலைக்குத்தாக ஓர் அச்சு, இரண்டும் வெட்டும் இடத்தில் உற்பத்தி. இதனைத் தெக்காட்டின் தளம் என அழைப்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் தெக்காட்டு என்றால் என்ன என்று என் வகுப்பில் ஒருநாள் கேட்டபோது, பலர் அதனை முக்கோணம், நாற்கரம் போன்ற ஒரு கணிதச் சொல் என்றே எண்ணியிருந்தனர். அது ஒரு மனிதருடைய பெயர். தாயை இழந்து, நோஞ்சானாய் வளர்ந்து, ஊர் ஊராய் அலைந்து, ஐம்பத்து மூன்று வயதில் அந்நிய நாடொன்றில் குளிரில் மாண்டுபோன ஒருவருடைய பெயர்.

நான் கலைப் பட்டதாரி. பாலையூற்றில் மாலை வேளைகளில் வரலாறும் புவியியலும் கற்பிக்கின்றேன். இந்நூலின் கணிதப் பகுதியை எழுதிய நண்பர், பிள்ளைகள் பெயரை மட்டும் மனனம் செய்கிறார்கள், ஆளைப் பற்றி நீங்கள் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய காலத்தில் (2, −3) என்ற புள்ளியைக் குறிக்கச் சொன்னால் (−3, 2) இல் குறித்துவிட்டு வருவேன். நாலாம் காற்பகுதியில் இருக்க வேண்டியது இரண்டாம் காற்பகுதியில் போய் உட்கார்ந்திருக்கும். மாதிரிப் பரீட்சை ஒன்றில் இதனால் ஒரு வரைபு முழுவதும் கோணி, அதற்குரிய புள்ளிகள் எல்லாம் போயின. எனக்கு மூளை போதாது என்றுதான் அன்று நினைத்தேன். இந்த மனிதரின் வரலாற்றைப் படித்த பின்னர் அப்படி நினைப்பதில்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் காற்பகுதிகளை ஒருமுறை மீட்டுக்கொள்வோம். பாலையூற்றை உற்பத்தியாகக் கொள்ளுங்கள். கிழக்கை எக்ஸ் அச்சின் நேர்ப்பக்கமாகவும் வடக்கை வை அச்சின் நேர்ப்பக்கமாகவும் கொள்ளுங்கள். கிழக்கும் வடக்கும் சேர்ந்த பக்கத்தில் உப்புவெளிக் கடற்கரையும் அதற்கப்பால் வங்காள விரிகுடாவும் உள்ளன. இரண்டு ஆள்கூறுகளும் நேர், முதலாம் காற்பகுதி. மேற்கும் வடக்கும் சேர்ந்த பக்கத்தில் கன்னியா வெந்நீரூற்றுக்கள். எக்ஸ் மறை, வை நேர்; இரண்டாம் காற்பகுதி. மேற்கும் தெற்கும் சேர்ந்த பக்கத்தில் கிண்ணியா. இரண்டும் மறை, மூன்றாம் காற்பகுதி. கிழக்கும் தெற்கும் சேர்ந்த பக்கத்தில், துறைமுகத்துக்கு அப்பால், மூதூர். எக்ஸ் நேர், வை மறை, நாலாம் காற்பகுதி. உப்புவெளி, கன்னியா, கிண்ணியா, மூதூர் என்று மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருகிறோம் என்பதைக் கவனிக்குக. வரிசை மறந்துபோனால் இந்த நான்கு ஊர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆள்கூறாவது பூச்சியமாக இருந்தால் அப்புள்ளி அச்சின் மீதே கிடக்கும்; அது எந்தக் காற்பகுதிக்கும் உரியதன்று.

இவ்வாறு ஒரு சோடி எண்களைக் கொண்டு ஓர் இடத்தைச் சொல்லலாம் என்பது இன்று நமக்குச் சாதாரணம். நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் அது சாதாரணமாக இருக்கவில்லை.

பிறப்பும் இளமையும்

ரெனே தெக்காட்டு 1596ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆந் திகதி பிரான்ஸ் நாட்டின் லா ஹே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பிரித்தானி மாகாண நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். பிள்ளைக்குப் பதினான்கு மாதமாகும்போது தாயார் அடுத்த பிரசவத்தில் இறந்துபோனார். அம்மம்மாவின் பராமரிப்பில் குழந்தை வளர்ந்தது. வெளிறிய முகம், விடாத வறட்டு இருமல். இளவயதிலேயே இறந்துவிடுவான் என வைத்தியர்கள் கூறினராம். அந்த இருமல் தாயிடமிருந்து வந்தது என்று வளர்ந்த பின்னரும் அவர் நம்பினார்.

லா பிளேஷ் என்னும் ஊரில் இயேசு சபைத் துறவிகள் நடத்திய பாடசாலையில் சேர்க்கப்பட்டார். (கிழக்கு மாகாணத்திலும் இச்சபையினர் பாடசாலைகள் நடத்தியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.) அங்கே மாணவர்கள் விடியற்காலையில் எழும்ப வேண்டும். ஆனால் பலவீனமான இந்தப் பையனுக்கு மட்டும் காலையில் விரும்பிய நேரம்வரை படுக்கையில் கிடக்க அனுமதி வழங்கப்பட்டது. அவர் தூங்கிக் கிடக்கவில்லை, யோசித்துக் கிடந்தார். காலையில் படுத்தபடி சிந்திக்கும் இப்பழக்கம் அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அது முறிந்தபோது உயிரும் போயிற்று என்பதை முடிவில் காண்பீர்கள்.

படித்த பாடங்களுள் கணிதம் ஒன்றே அவருக்கு ஐயமில்லாததாகத் தோன்றியது. தத்துவத்தில் ஓர் அறிஞர் சொன்னதை இன்னோர் அறிஞர் மறுத்தார். கணிதத்தில் நிறுவியது நிறுவியதுதான். அத்தனை உறுதியான அத்திவாரத்தின் மேல் ஏன் யாரும் பெரிய கட்டடம் ஒன்றை எழுப்பவில்லை என்று அவர் வியந்தார். தந்தையின் விருப்பப்படி புவாத்தியே பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1616இல் பட்டம் பெற்றார். ஆனால் வழக்கறிஞராகவில்லை.

ஓர் ஈயின் கதை

இவ்விடத்தில் ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேட்பீர்கள். தெக்காட்டு கட்டிலில் படுத்துக் கிடந்தபோது கூரையில் ஓர் ஈ ஊர்ந்ததாம். இரண்டு சுவர்களிலிருந்தும் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொன்னால் அது நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியதாம். ஆள்கூறு பிறந்தது இப்படித்தான் என்று பல நூல்களில் எழுதியிருக்கும்.

ஈயைப் பற்றி அவருடைய நூல்களில் ஒரு சொல்லும் இல்லை. பிற்காலத்தவர் கட்டிய கதை என்றே கொள்ள வேண்டும். விளக்கத்துக்கு நல்ல கதைதான். வகுப்பில் நானும் சொல்வதுண்டு. ஆனால் வரலாறு கற்பிப்பவர் என்ற முறையில், கதையைக் கதை என்று சொல்லித்தான் சொல்வேன். இன்னொன்றையும் பாருங்கள். கூரையில் ஊரும் ஈ இரண்டு சுவர்களுக்கும் உட்பக்கத்தில்தான் இருக்கும். சுவருக்கு அப்பால் போகாது. ஆகவே அந்தக் கதையில் மறை ஆள்கூறு இல்லை. ஒரேயொரு காற்பகுதிதான் உண்டு. கதை கட்டியவர் அறியாமலேயே தெக்காட்டின் உண்மையான சிக்கலைத் தொட்டுவிட்டார்.

போர்வீரர், பயணி

1618இல் தெக்காட்டு நெதர்லாந்து சென்று பிரேடா நகரில் படையில் சேர்ந்தார். அங்கே ஈசாக் பேக்மன் என்ற அறிஞரைச் சந்தித்தார். பௌதிகச் சிக்கல்களைக் கணிதத்தால் தீர்க்கலாம் என்று நம்பிய பேக்மன், சோம்பிக் கிடந்த இளைஞரின் மூளையைத் தட்டியெழுப்பினார். அடுத்த ஆண்டு நவம்பர் மாதம் தென் ஜேர்மனியில், அடுப்பினாற் சூடாக்கப்பட்ட அறையொன்றில் தனித்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று கனவுகள் கண்டார். எல்லா அறிவையும் ஒரே முறையியலில் இணைக்கும் பணி தமக்குரியது என்று அவற்றுக்குப் பொருள் கொண்டார். அப்போது அவருக்கு வயது 23. அதன் பின்னர் இத்தாலி உட்படப் பல இடங்களுக்குப் பயணஞ் செய்தார். 1628இன் இறுதியில் நெதர்லாந்துக்குத் திரும்பி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே தங்கினார். ஒரே ஊரில் தங்கவில்லை. ஆம்ஸ்ரடாம், டெவென்டர், லெய்டன் என அடிக்கடி வீடு மாற்றினார். இருக்கும் இடத்தை எல்லோருக்கும் அறிவிப்பதுமில்லை. எந்தப் புள்ளிக்கும் முகவரி தரும் முறைக்குப் பெயர் கொடுத்தவர் தம் முகவரியை ஒளித்தே வாழ்ந்தார்.

ஆம்ஸ்ரடாமில் இருந்தபோது 1631இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், கீழைத்தேயங்களின் விளைபொருள்களை நிரப்பிக்கொண்டு கப்பல்கள் துறைமுகத்துக்கு வருவதைப் பார்ப்பதன் இன்பத்தைக் குறிப்பிட்டார். அக்கப்பல்கள் யாருடையவை? நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் காலம் அது. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில் நீங்கள் கடக்கும் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை ஒல்லாந்தர் முதன்முதலிற் கைப்பற்றியது 1639இல். அவ்வாண்டில் தெக்காட்டு நெதர்லாந்திலேதான் வசித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆள்கூற்றுச் சிந்தனை அச்சேறி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. திருகோணமலை என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருப்பாரோ என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு. பரீட்சைக்கு இது வராது; ஆனால் உலக வரலாற்றையும் நம்மூர் வரலாற்றையும் வெவ்வேறு கொப்பிகளில் எழுதிப் பழகிய நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

1637: சிறு பின்னிணைப்பு

தெக்காட்டு முதலில் வெளியிட எண்ணியது உலகம் பற்றிய ஒரு பெரு நூலை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தை அது தழுவியிருந்தது. 1633இல் அதே கருத்துக்காக இத்தாலியில் கலிலியோ தண்டிக்கப்பட்ட செய்தி எட்டியதும் அந்நூலை அச்சுக்குக் கொடாமல் நிறுத்திக்கொண்டார். நான்கு ஆண்டுகளின் பின்னர், 1637இல் லெய்டன் நகரில், முறையியல் பற்றிய இன்னொரு நூலைத் தம் பெயரைப் போடாமலே வெளியிட்டார். அறிஞர்கள் இலத்தீனில் எழுதிய காலத்தில், சாதாரண வாசகருக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சு மொழியில் எழுதினார். தாய்மொழியிற் படிக்கும் மாணவர்களாகிய உங்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி.

அந்நூலின் மூன்று பின்னிணைப்புகளுள் கடைசியானது கேத்திரகணிதம் பற்றியது. நூறு பக்கம் அளவில் வரும். அதுவே கணிதத்தை மாற்றியது. அதுவரை கேத்திரகணிதம் வேறு, அட்சரகணிதம் வேறு. கோடும் வட்டமும் ஒருபுறம், எழுத்தும் சமன்பாடும் மறுபுறம். ஒரு வளையியின் மீதுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு நீளங்களைக் குறித்து, அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பை ஒரு சமன்பாடாக எழுதலாம் என அவர் காட்டினார். வளையி சமன்பாடாயிற்று, சமன்பாடு வளையியாயிற்று. தெரியாக் கணியங்களுக்கு அகரவரிசையின் கடைசி எழுத்துக்களாகிய எக்ஸ், வை, இசட் என்பவற்றையும் தெரிந்த கணியங்களுக்கு முதல் எழுத்துக்களையும் பயன்படுத்தும் வழக்கத்தை அந்நூலே பரப்பியது. அடுக்கைச் சிறு இலக்கமாக மேலே எழுதுவதும் அவ்வாறே. (வர்க்கத்தை மட்டும் பெரும்பாலும் எழுத்தை இருமுறை அடுத்தடுத்து எழுதியே காட்டினார். பழக்கம் விடாது.)

நூலை வேண்டுமென்றே கடினமாக எழுதினார். பல படிகளை விட்டுவிட்டு, கண்டுபிடிக்கும் இன்பத்தை வாசகருக்கே விட்டுவைத்ததாக முடிவில் கூறினார். ஆசிரியர் என்ற முறையில் இதை நான் ஏற்கமாட்டேன். வழிமுறை எழுதாதவருக்கு நம் பரீட்சையிற் புள்ளி கிடையாது. நல்லகாலமாக, லெய்டன் பேராசிரியர் பிரான்ஸ் வான் ஸ்கூட்டன் அதனை இலத்தீனில் மொழிபெயர்த்து, விளக்கவுரையோடு 1649இல் வெளியிட்டார். வழிகாட்டி நூல்களுக்கும் வரலாற்றில் இடம் உண்டு! பின்னர் இங்கிலாந்தில் மாணவனாக இருந்த நியூற்றன் தெக்காட்டின் கேத்திரகணிதத்தைத் தாமாகவே வாசிக்கத் தொடங்கி, சில பக்கங்களில் விளங்காது நின்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, இன்னும் சில பக்கங்கள் சென்று, மீண்டும் நின்று, இப்படியே முழுவதையும் கற்றார் என அவரை அறிந்தவர்கள் எழுதி வைத்துள்ளனர்.

இன்னொருவரையும் குறிப்பிடாமல் விடுவது நியாயமன்று. பிரான்ஸ் நாட்டில் பியர் த பேர்மா என்ற சட்டத்தரணி, ஏறத்தாழ அதே காலத்தில், தனியாக இதே எண்ணத்தை அடைந்திருந்தார். அவருடைய கட்டுரை கையெழுத்துப் பிரதியாகவே நண்பர்களிடையே சுற்றியது. அவர் இறந்த பின்னர் 1679இலேயே அச்சேறியது. முதலில் அச்சிட்டவரின் பெயர் தளத்துக்கு நிலைத்துவிட்டது.

தெக்காட்டு தவறிய இடம்

இப்போது முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். 1637ஆம் ஆண்டு நூலைத் திறந்து பார்த்தால், உங்கள் வரைபுத்தாளில் இருப்பது போன்ற நான்கு காற்பகுதிகளைக் காணமாட்டீர்கள். ஒரு கோடு இருக்கும். அதில் ஒரு தொடக்கப் புள்ளி இருக்கும். அதிலிருந்து இவ்வளவு தூரம் சென்று, பின்னர் வேறொரு திசையில் இவ்வளவு தூரம் செல் என்பது போலிருக்கும். அந்த இரண்டாவது திசை செங்குத்தாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டாவது அச்சை அவர் வரைந்து காட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மறை எண்களில் அவருக்கு நம்பிக்கை குறைவு. ஒரு சமன்பாட்டுக்கு மறை விடை வந்தால் அதற்குப் பொய்யான மூலம் என்று பெயரிட்டார். நீளம் எப்படி மறையாக இருக்க முடியும்? அவருக்கு ஆள்கூறு என்பது ஒரு நீளம். திசையோடு கூடிய எண்ணாக அது முழுமையாக மாறியிருக்கவில்லை.

விளைவைப் பாருங்கள். 1638இல் அவர் ஒரு வளையியை எடுத்துக்கொண்டார். அதன் விதியை எளிமையாக்கிச் சொல்கிறேன்: எக்ஸ் ஆள்கூற்றின் கனத்தையும் வை ஆள்கூற்றின் கனத்தையும் கூட்டினால், அவ்விரு ஆள்கூறுகளின் பெருக்கத்தின் மும்மடங்கு வர வேண்டும். முதலாம் காற்பகுதியில் இது உற்பத்தியிலிருந்து புறப்பட்டு, இலைபோல் வளைந்து, உற்பத்திக்கே திரும்புகிறது. ஆகவே இன்றும் இதற்குத் தெக்காட்டின் இலை என்று பெயர். அந்த இலையை அவர் சரியாகவே கண்டார். ஆனால் மற்ற மூன்று காற்பகுதிகளிலும் அதே இலை திரும்ப வரும், நான்கும் சேர்ந்து நான்கிதழ்ப் பூப்போல் இருக்கும் என்று எண்ணிவிட்டார்.

அது தவறு. உங்களாலேயே காட்ட முடியும். பென்சிலை எடுங்கள். (1.5, 1.5) என்ற புள்ளியை எடுத்துக்கொள்வோம். 1.5இன் கனம் 3.375, இரண்டையும் கூட்டினால் 6.75. பெருக்கம் 2.25, அதன் மும்மடங்கும் 6.75. ஆகவே புள்ளி வளையியின் மீது உள்ளது. இலையின் நுனி அதுவே. இனி மூன்றாம் காற்பகுதியில் (−1.5, −1.5) ஐ எடுங்கள். கனங்கள் இரண்டும் மறை, கூட்டுத்தொகை −6.75. ஆனால் மறையை மறையாற் பெருக்கினால் நேர், மும்மடங்கு 6.75. இரண்டும் சமனல்ல. இந்தப் புள்ளி மட்டுமன்று, மூன்றாம் காற்பகுதியின் எந்தப் புள்ளியை எடுத்தாலும் ஒருபுறம் மறையும் மறுபுறம் நேருமாகவே இருக்கும். ஆகவே அக்காற்பகுதியில் இலையும் இல்லை, கிளையும் இல்லை. இரண்டாம், நாலாம் காற்பகுதிகளில் வளையி உண்டு; ஆனால் இலையாக மூடாமல், சிறகு விரித்தாற்போல் நெடுந்தூரம் ஓடுகிறது. விரும்பியவர்கள் (−12/7, 6/7) என்ற புள்ளியை இரண்டாம் காற்பகுதியில் பொருத்திப் பார்க்குக, சரியாக வரும்.

மறைக் குறியைக் கவனியாமல் விட்டதால் வந்த பிழை இது. உங்கள் கொப்பிகளில் நான் தினமும் காணும் அதே பிழை. அவ்வளையிக்குத் தொடலி காணும்படி பேர்மாவுக்குச் சவால் விட்டவரும் தெக்காட்டுத்தான். பேர்மா அதைச் செய்தும் காட்டினார். அந்த வாதத்தில் தெக்காட்டு பெருந்தன்மையுடன் நடந்துகொண்டார் என்று சொல்ல முடியாது.

மறைப் பக்கங்களைத் திறந்தவர்கள் பின்வந்தவர்களே. ஆள்கூறு என்ற பொருள்படும் சொல்லை லைப்னிற்ஸ் வழங்கினார். 1704இல் வெளியான நியூற்றனின் நூலொன்றில் இரண்டு அச்சுக்களும் மறை ஆள்கூறுகளும் தயக்கமின்றிக் கையாளப்பட்டன. எண்களுக்கும் திசைக்கும் உள்ள உறவு பற்றிய இந்த அறிவு திரள, 1637இற்குப் பின்னர் இரண்டு தலைமுறைக்கு மேல் சென்றது. அதனை நீங்கள் ஒரு தவணையில் கற்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் நேர்ந்தவை

தெக்காட்டு திருமணம் செய்யவில்லை. ஆனால் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். ஒல்லாந்து வீடொன்றிற் பணிபுரிந்த ஹெலெனா என்ற பெண்ணுக்கு 1635இல் அக்குழந்தை பிறந்தது. பிரான்சின் என்று பெயர். பிரான்ஸில் கல்வி பெறுவதற்கு அவளை அனுப்ப அவர் எண்ணியிருந்தார். 1640 செப்டெம்பரில், ஐந்து வயதில், காய்ச்சலால் அவள் இறந்தாள். அடுத்த மாதம் தந்தையாரும் இறந்தார். உணர்ச்சிகளை அறிவால் அடக்க வேண்டும் என்று எழுதியவர், கண்ணீர் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுபவர்களுள் தாம் ஒருவரல்லர் என்னுங் கருத்தை அதற்கடுத்த ஆண்டில் ஆறுதற் கடிதம் ஒன்றில் குறிப்பிட்டார்.

அதற்குப் பின்னைய ஆண்டுகளில் பெயர் பரவியது. எதையும் ஐயுற்றுப் பார்க்க வேண்டும், ஆனால் ஐயுறுபவர் ஒருவர் இருக்கிறார் என்பதை ஐயுற முடியாது என்ற அவருடைய தத்துவம் ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது, எதிர்க்கவும் பட்டது. நாடிழந்து நெதர்லாந்தில் வாழ்ந்த பொஹீமிய இளவரசி எலிசபெத், 1643 முதல் அவருடன் கடிதத் தொடர்பு கொண்டார். உள்ளம் உடலை எவ்வாறு அசைக்கிறது என்று அந்த இளம்பெண் கேட்ட கேள்விக்குத் தெக்காட்டால் திருப்தியான விடை கூற முடியவில்லை. மூன்று வட்டங்களைத் தொடும் வட்டம் பற்றிய கடினமான கணக்கொன்றை அவர் அனுப்பியபோது, இளவரசி அட்சரகணிதத்தால் தீர்த்து அனுப்பினார். கணிதம் பெண்பிள்ளைகளுக்கு வராது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

குளிர்நாட்டில்

சுவீடன் நாட்டை அப்போது ஆண்டவர் கிறிஸ்ரினா மகாராணி. இருபத்திரண்டு வயது; அறிவுத் தாகம் மிக்கவர். தமக்குத் தத்துவம் கற்பிக்க வருமாறு தெக்காட்டை அழைத்தார். நீண்ட தயக்கத்தின் பின்னர் 1649ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் ஸ்ரொக்ஹோம் சென்று சேர்ந்தார். பிரெஞ்சுத் தூதுவரின் வீட்டில் தங்கினார். மகாராணிக்குப் பாடத்துக்கு வசதியான நேரம் அதிகாலை ஐந்து மணி.

ஐந்து மணி வகுப்பு நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. ஆனால் நம் ஊரில் ஐந்து மணிக்குக் காற்று இதமாக இருக்கும். ஸ்ரொக்ஹோமில் ஜனவரி மாதம், இருட்டு, உறைபனி. சிறுவயது முதல் காலையில் படுக்கையிற் கிடந்த மனிதர் குளிரில் வண்டியேறி அரண்மனைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அதே நாட்களில் தூதுவர் நியூமோனியாவில் விழ, தெக்காட்டு அருகிருந்து கவனித்தார். தூதுவர் பிழைத்தார். தெக்காட்டு 1650 பெப்ரவரி 11ஆந் திகதி மரணமடைந்தார்.

புரட்டஸ்தாந்து நாட்டிற் கத்தோலிக்கராக இறந்ததால் சாதாரண சேமக்காலையில் இடங்கொடுக்கப்படவில்லை. பெரும்பாலும் ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் புதைக்கப்பட்ட இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1663இல் அவருடைய நூல்கள் சில உரோமில் தடைப்பட்டியலிற் சேர்க்கப்பட்டன. 1666இல் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டுப் பிரான்ஸ் கொண்டுசெல்லப்பட்டன; 1819 முதல் பாரிஸ் நகரில் சென் ஜேர்மன் தே பிரே தேவாலயத்தில் உள்ளன. மண்டையோடு மட்டும் இடையிற் காணாமற்போய், பலர் கைமாறி, சுவீடனில் ஏலத்தில் விலைபோய், இப்போது பாரிஸிலுள்ள மனித அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைமாறியவர்கள் சிலர் அதன்மேல் தம் பெயரையும் எழுதி வைத்திருக்கின்றனர். பிறந்த ஊராகிய லா ஹேக்கு இன்று தெக்காட்டு என்றே பெயர்.

உலகப் படத்தில் ஒரு பயிற்சி

இனி உங்கள் புவியியல் படப்புத்தகத்தை எடுங்கள். மத்தியகோட்டை எக்ஸ் அச்சாகவும் கிறீனிச் நெடுங்கோட்டை வை அச்சாகவும் கொள்க. (கிறீனிச்சைப் பூச்சியமாகக் கொள்ளும் தீர்மானம் 1884இல்தான் செய்யப்பட்டது, தெக்காட்டு அதை அறியார்.) உற்பத்தி ஆபிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில், கடலில் விழும். ஒரு எச்சரிக்கை: புவியியலில் அகலக்கோட்டை முதலிலும் நெடுங்கோட்டைப் பின்னரும் சொல்வோம். கணிதத்தில் கிடைத் தூரமே முதலில் வரும். ஆகவே நெடுங்கோடு முதலில், அகலக்கோடு பின்னர். புவியியலிற் கெட்டிக்காரர்கள் கணிதத்தில் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். நான் தவறியதும் இதனால்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

கிழக்கும் வடக்கும் நேர், மேற்கும் தெற்கும் மறை எனக் கொண்டால், திருகோணமலை (81.2, 8.6). நியூயோர்க் (−74, 41). ரியோ டி ஜெனிரோ (−43, −23). சிட்னி (151, −34). நான்கு நகரங்களும் நான்கு காற்பகுதிகளில். கிறீனிச் (0, 51.5), அதன் காற்பகுதியைக் கேட்டால் என்ன விடை எழுதுவீர்கள்?

அடுத்து, தெக்காட்டு வாழ்ந்த இடங்களைக் குறியுங்கள். பிறந்த ஊர் (0.7, 47.0). பிரேடா (4.8, 51.6). நூல் அச்சான லெய்டன் (4.5, 52.2). இறந்த ஸ்ரொக்ஹோம் (18.1, 59.3). எலும்புகள் இருக்கும் பாரிஸ் (2.3, 48.9). எல்லாம் ஒரே காற்பகுதியில் விழுவதைக் காண்பீர்கள். கடைசியாக, காலையில் படுத்துக் கிடக்க அவருக்கு அனுமதி தந்த பாடசாலை இருந்த லா பிளேஷ் (−0.1, 47.7). பெரிய அளவுத்திட்டம் எடுத்தால்தான் அச்சிலிருந்து அதனைப் பிரித்துக் குறிக்க முடியும். குறியைக் கவனித்து, எந்தக் காற்பகுதி என்று பென்சிலால் எழுதிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.